ஆறு லிட்டர் இடிக்கிறது

பிப்ரவரி 3

அக்காவுக்கு,

அப்பாவைத் திருடனாக்கியவர் முதலாளி. நலம் விசாரிப்பதற்கு முன்னால் இதை எழுதிவிட வேண்டும் என்று தோன்றியது, எழுதிவிட்டேன். இனி வழக்கம் போல. நான் நலம். நீ நலமா? அப்பாவின் கால் வீக்கம் வடிந்ததா?

போனில் பேசினால் அந்த ஒற்றை அறையில் அப்பா காதில் விழும். உன் ஆலையிலோ கேட்டிலேயே போனை வாங்கிப் பூட்டிவிடுகிறார்கள். அதனால்தான் கீழ்வீட்டுத் தையல்கார அம்மா முகவரிக்கு எழுதுகிறேன். படித்ததும் கிழித்துப் போடு.

வண்டி கிடைத்துவிட்டது. அதே மாதிரி வண்டி இல்லை, அதே வண்டி. பதினோரு வருடம் அப்பா ஓட்டிய முதலாளியின் கறுப்பு எஸ்யூவி. நான் மெக்கானிக்காக இருக்கும் பழைய கார் யார்டுக்கு நான்கு கை மாறி வந்து நிற்கிறது. நிறத்தை மாற்றியிருக்கிறார்கள். ஆனால் அப்பாவின் கழுத்தில் உராயாமல் இருக்க டிரைவர் சீட் பெல்ட்டில் நீ சுற்றித் தைத்துவிட்ட உறை அப்படியே இருக்கிறது. உன் பள்ளிச் சீருடைத் துணி, மஞ்சள் நூல். வெட்டினால்தான் வரும். யாரும் வெட்டவில்லை.

யார்டுக்காரர் சிரித்தார். "இதை வாங்குறவன் ஒண்ணு பெட்ரோல் பங்க் வச்சிருக்கணும், இல்ல பங்க்காரர் பொண்ணைக் கட்டியிருக்கணும். உனக்கு ரெண்டும் இல்லையேடா." எட்டு மாதமாக யாரும் தொடாததால் பழைய இரும்பு விலைக்குக் கொடுத்தார். பைக்கை விற்றேன். அறைக்குக் கொடுத்திருந்த முன்பணத்தைத் திரும்ப வாங்கினேன்.

எதற்கு என்று கேட்பாய். அப்பாவை நீக்கிய கடிதத்தின் நகல் ஐந்து வருடமாக என் பெட்டியில் இருக்கிறது. ஓட்டக் குறிப்பின்படி கடைசி மாதம் ஓடியது ஆயிரத்து எண்ணூறு கிலோமீட்டர். லிட்டருக்கு ஒன்பது என்றால் இருநூறு லிட்டர் போதும். போட்டது முன்னூற்று எழுபது. மீதி நூற்று எழுபது லிட்டரை டிரைவர் திருடினார். அதைத் தவிர அந்தக் கடிதத்தில் இருப்பது, ஒப்புக்கொண்டதாக அப்பா போட்ட கையெழுத்து மட்டும்தான்.

இந்த வண்டி லிட்டருக்கு ஒன்பது கொடுக்காது. அளந்து காட்டப் போகிறேன். அப்பாவிடம் இப்போதைக்குச் சொல்லாதே.

உன் தம்பி


பிப்ரவரி 15

அன்புள்ள தம்பிக்கு,

நலம். அப்பாவும் நலம். உன் உடம்பைப் பார்த்துக்கொள்.

உனக்குப் பைத்தியமா? முன்பணத்தைத் திரும்ப வாங்கிவிட்டு எங்கே படுக்கிறாய்? என்ன சாப்பிடுகிறாய்? அந்த வண்டி அரண்மனைக்காரர்களுக்கே கட்டுப்படியாகாமல் கைமாறி வந்திருக்கிறது. நீ வாங்கும் சம்பளத்தை அது ஒரு வாரத்தில் குடித்துவிட்டு உன் முகத்தைப் பார்க்கும்.

ஒன்பது என்பது வண்டி விளம்பரப் புத்தகத்தில் போட்டிருந்தது. எப்போதும் முழுக்கைச் சட்டையில் வரும் நம் 'முழுக்கை' மேனேஜர் அதை மேஜைமேல் விரித்து, ஒன்பதைச் சுற்றிச் சிவப்புப் பேனாவால் வட்டம் போட்டார். அச்சில் இருப்பதை நீ அளந்தா மாற்றுவாய்?

அப்பா இன்னும் அந்தத் துணிக்கடைக்குத்தான் போகிறார். வாகனம் நிறுத்தும் இடத்தில் டோக்கன் கொடுப்பது மட்டும் அவர் வேலை. சாவியை வேறொருவர்தான் வாங்கி வண்டியை உள்ளே விட வேண்டும். அப்பா கையில் சாவி போகக்கூடாது என்று முதல் நாளே சொல்லிவிட்டார்கள். அவர் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்வதில்லை. நீயும் விட்டுவிடு.

கிடைத்த விலைக்கு விற்றுவிட்டு அறைக்குத் திரும்பு. எனக்கு முதலாளியின் அட்டைப்பெட்டி ஆலையில் பசைப் பிரிவிலேயே வேலை தொடர்கிறது. இருமல் பரவாயில்லை.

அக்கா


பிப்ரவரி 23

அக்காவுக்கு,

நலம். வண்டிக்குள்தான் படுக்கிறேன். பின்சீட்டை மடக்கினால் கால் நீட்டிப் படுக்கலாம். இவ்வளவு நல்ல தோலில் நம் பரம்பரையில் யாரும் படுத்ததில்லை, கவலைப்படாதே.

அளக்கும் முறையைச் சொல்கிறேன். டேங்கைக் கழுத்துவரை நிரப்புகிறேன். ஓட்டுகிறேன். திரும்பவும் அதே பங்க்கில் அதே குழாயில் கழுத்துவரை நிரப்புகிறேன். எத்தனை லிட்டர் பிடித்ததோ அத்தனை குடித்திருக்கிறது. சாதாரணப் பெட்ரோல் போட்டு, நகரத்து நெரிசலில் ஐந்து தடவை பார்த்தாயிற்று. லிட்டருக்கு ஆறு. ஒரு தடவைகூட ஏழைத் தொடவில்லை. அப்படியானால் ஆயிரத்து எண்ணூறுக்கு முன்னூறு லிட்டர்.

அடுத்தது நிற்கும்போது குடிப்பது. முதலாளி ஏறும்போது வண்டி உள்ளே ஜில்லென்று இருக்க வேண்டும் என்பதற்காக, அவர் கூட்டம் முடித்து வரும்வரை எஞ்சினை அணைக்காமல் ஏசி போட்டு வைத்திருக்கச் சொல்வார் என்று அப்பா சொன்னது ஞாபகம் இருக்கிறதா? வண்டி ஒரு அடி நகராது, பெட்ரோல் மட்டும் போய்க்கொண்டிருக்கும். நிரப்பிவிட்டு யார்டு வாசலில் நான்கு மணி நேரம் அப்படியே நிறுத்திப் பார்த்தேன். எட்டு லிட்டர். மணிக்கு இரண்டு.

பங்க்கில் பெட்ரோல் போடுகிறவர் மீட்டரைப் பார்த்துவிட்டுக் கேட்டார். "ஏண்ணே, காலையில நிரப்பினீங்க. ரெண்டு கிலோமீட்டர் ஓடல, எட்டு லிட்டர் பிடிக்குது. ஓட்டை டேங்குலயா, தலையிலயா?"

"அஞ்சு வருஷம் முன்னால ஒருத்தர் தலையில இருந்துச்சு. அதைத்தான் தேடுறேன்" என்றேன். தள்ளி நின்றுகொண்டார்.

கடைசி மாதம் அப்பா எத்தனை மணி நேரம் அப்படிக் காத்திருந்தார் என்று தெரிய வேண்டும். அவர் சட்டைப்பையில் ஒரு சின்ன டைரி வைத்திருப்பாரே. எப்படியாவது பார்த்து எழுது.

தம்பி


மார்ச் 19

அன்புள்ள தம்பிக்கு,

பதில் தாமதமானதற்குக் கோபித்துக்கொள்ளாதே. நாங்கள் நலம்.

அப்பாவுக்குத் தெரிந்துவிட்டது. உன் கடிதங்களைக் கிழிக்க மனம் வராமல் மருந்து டப்பாவுக்கு அடியில் வைத்திருந்தேன். மாத்திரை எடுக்கப்போனவர் இரண்டையும் படித்துவிட்டார். திட்டுவார் என்று நினைத்தேன். கண்ணாடியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டு ஒன்றே ஒன்று கேட்டார்.

"எந்தப் பெட்ரோல் ஊத்துறான்?"

"சாதா."

"பெட்ரோல் மூடியைத் திறந்தா உள்பக்கம் ஒரு ஸ்டிக்கர் இருக்கும், படிக்கச் சொல்லு. உசந்த ரகம்தான் போடணும். சாதா போட்டா எஞ்சின் தட்டும், கூடக் குடிக்கும். நானும் சொல்லிப் பார்த்தேன். முழுக்கைதான், பெட்ரோல்ல என்னய்யா உசந்த சாதி தாழ்ந்த சாதின்னாரு."

அதன்பிறகு அரை மணி நேரம் அந்த வண்டியைப் பற்றியே பேசினார். மேட்டில் ஏற்றும்போது இடதுபக்கம் ஒரு சத்தம் வருமாம், பயப்பட வேண்டாமாம். ஏசியை ஒரேயடியாகக் கூட்டக்கூடாதாம். அவர் குரல் அப்படி உயர்ந்து நான் கேட்டு ரொம்ப நாளாயிற்று. பிறகு அவரே நிறுத்திக்கொண்டார். "அளந்து என்ன பண்ணப் போறான்? அஞ்சு வருஷமா திருடனா இருந்து பழகிட்டேன். இப்போ இல்லைன்னா, மறுபடி புதுசா பழகணும்" என்றார்.

டைரியில் கடைசி மாதம் காத்திருந்தது முப்பத்திரண்டு மணி நேரம். அவரே பார்த்துச் சொன்னார்.

இதோடு போதும் தம்பி. உனக்குத் தெரிய வேண்டியது தெரிந்துவிட்டது. விற்றுவிடு.

அக்கா


மார்ச் 27

அக்காவுக்கு,

நலம். நலமில்லாமல் இருந்தாலும் இன்று நலம் என்றுதான் எழுதியிருப்பேன்.

ஸ்டிக்கரைப் படித்தேன். நான்கு கை மாறியும் உரியாமல் ஒட்டிக்கொண்டிருக்கிறது. இரண்டு வார வயிற்றைக் கட்டி உயர்ந்த ரகம் நிரப்பினேன். எஞ்சின் பூனை மாதிரி ஓடியது. லிட்டருக்கு ஏழரை வந்தது. புரிகிறதா? அவர்கள் மலிவான பெட்ரோலைப் போடச் சொன்னார்கள். மலிவான பெட்ரோலில் வண்டி கூடக் குடித்தது. கூடக் குடித்ததை அப்பா திருடினார் என்றார்கள். தன் காருக்கு என்ன ஊற்ற வேண்டும் என்று மூடியைத் திறந்து படிக்காத ஒரு மனிதர், பதினோரு வருடம் அந்த மூடியைத் திறந்து மூடியவரைத் திருடன் என்றார். இந்த ஆளின் பெட்டிகளுக்குத்தான் நீ தினமும் பசை தடவுகிறாய்.

கணக்கைப் பார். ஓடியதற்கு முன்னூறு. முப்பத்திரண்டு மணி நேரம் நின்றதற்கு அறுபத்து நான்கு. மொத்தம் முன்னூற்று அறுபத்து நான்கு. வாங்கியது முன்னூற்று எழுபது.

ஆறு லிட்டர் இடிக்கிறது.

இரண்டு தடவை திரும்ப ஓட்டிப் பார்த்தேன். எப்படிப் போட்டாலும் ஆறு லிட்டர் நிற்கிறது. எதிர்த்தரப்பு வக்கீல் இதைப் பிடித்துக்கொண்டு தொங்குவான். நூற்று எழுபதை விட்டுவிட்டு ஆறைப் பற்றியே ஆறு மணி நேரம் பேசுவான். அப்பாவிடம் கேள். டைரியில் எழுத மறந்த ஓட்டம் ஏதாவது இருக்கும்.

இங்கே தொழிற்சங்க அலுவலகத்தில் ஒரு வக்கீல் அம்மா இலவசமாக உட்காருகிறார். நாளை அவரைப் பார்க்கப் போகிறேன். நான் காசு கேட்கவில்லை. அப்பா டிரைவர் வேலை கேட்டுப் போகிற இடத்திலெல்லாம் பழைய முதலாளியிடமிருந்து கடிதம் கேட்கிறார்கள். அப்பாவிடம் இருப்பது அந்த ஒரு கடிதம்தான். அதைத் திரும்பப் பெற வைக்க வேண்டும். அப்பா கையில் ஒரு சாவி வர வேண்டும்.

தம்பி


ஏப்ரல் 25

அன்புள்ள தம்பிக்கு,

நலம்.

பசைப் பிரிவில் ஜன்னலைத் திறக்க விடுவதில்லை, காற்றடித்தால் அட்டை வளைந்துவிடுமாம். இருமல் கொஞ்சம் கூடியிருக்கிறது. மருந்து சாப்பிடுகிறேன். தையல்கார அம்மா உன்னை விசாரித்தார். அப்பாவுக்குப் புதுச் செருப்பு வாங்கினேன்.

வண்டியை என்ன விலைக்குக் கேட்கிறார்கள்? மழைக்காலம் வந்தால் வண்டிக்குள் எப்படிப் படுப்பாய்?

அந்த ஆறு லிட்டரை விட்டுவிடு. நூற்று எழுபதில் ஆறு என்பது ஒன்றுமில்லை.

அக்கா


மே 2

அக்காவுக்கு,

நலம். ஒரு மாதம் கழித்து எழுதுகிறாய், செருப்பு வாங்கியதை எழுதுகிறாய். அப்பாவிடம் கேட்டாயா என்பதை எழுதவில்லை.

வக்கீல் அம்மா என் தாள்களை எல்லாம் புரட்டினார். "அளந்திருக்கிறது சுத்தமா இருக்கு தம்பி. ஆனா உங்கப்பா தானே ஒத்துக்கிட்டு கையெழுத்துப் போட்டிருக்காரே, அதை என்ன பண்றது? வண்டி குடிச்சதுன்னு நீ சொல்ற, நான் எடுத்தேன்னு அவரே சொல்றாரு. மிரட்டி வாங்கினாங்கன்னு சொல்ல, பார்த்தவங்க யாராச்சும் இருக்காங்களா?" என்றார்.

யாரும் இல்லை, அப்பாவும் மேனேஜரும் மட்டும்தான் என்றேன். அப்பா நம்மிடம் அப்படித்தான் சொன்னார்.

திரும்பி வந்து உன் கடிதங்களை எடுத்துப் படித்தேன். விளம்பரப் புத்தகத்தை மேஜைமேல் விரித்தார், ஒன்பதைச் சுற்றிச் சிவப்புப் பேனாவால் வட்டம் போட்டார் என்று பிப்ரவரியில் எழுதியிருக்கிறாய். பேனாவின் நிறத்தை அப்பா எந்தக் காலத்தில் நம்மிடம் சொன்னார்? அவர் அன்று வீட்டுக்கு வந்ததும் சுவரைப் பார்த்துப் படுத்தவர், இரண்டு நாள் வாயே திறக்கவில்லை.

அக்கா, நீ அந்த அறையில் இருந்தாயா?

தம்பி


ஜூன் 6

தம்பிக்கு,

இருந்தேன்.

இதை நான்கு தடவை எழுதிக் கிழித்தேன். இப்போது எழுதிவிடுகிறேன், பிறகு இதைப் பற்றிப் பேசக்கூடாது.

அந்த மாதம் பதினேழாம் தேதி மத்தியானம் ஆலையில் எனக்கு உடம்புக்கு முடியாமல் போனது. மயங்கி விழுந்துவிட்டேன். கூட வேலை பார்க்கிறவள் அப்பாவுக்குப் போன் செய்தாள். முதலாளி கூட்டத்தில் இருந்தார். அப்பா எஞ்சின் ஓடிக்கொண்டிருந்த வண்டியை அப்படியே எடுத்துக்கொண்டு வந்தார். யாரையும் கேட்கவில்லை. பெரிய ஆஸ்பத்திரிக்குப் போய்த் திரும்ப முப்பத்தாறு கிலோமீட்டர். கூட்டம் முடிவதற்குள் வண்டியைக் கொண்டுபோய் அதே இடத்தில் நிறுத்திவிட்டார். அதற்கு முன்னால் பின்சீட்டில் இருந்த ரத்தக் கறையைத் துடைக்க அவருக்கு அரை மணி நேரம் ஆனது. ஓட்டக் குறிப்பில் அதை எழுதவில்லை.

உன் ஆறு லிட்டர் அதுதான்.

மாதக் கடைசியில் மேனேஜர் அப்பாவை அழைத்தார். ஒன்பதுக்கு வட்டம் போட்டார். வண்டி அவ்வளவு குடிக்கும் என்று அப்பா சொல்லிக்கொண்டே இருந்தார். பிறகு என்னைப் பசைப் பிரிவிலிருந்து வரச் சொன்னார்கள். என் கையெல்லாம் பசை. "பதினேழாம் தேதி மத்தியானம் வண்டி எங்க போச்சுன்னு உங்க பொண்ணே சொல்லட்டும். எதுக்குப் போச்சுன்னும் சொல்லட்டும்" என்றார் மேனேஜர். அவருக்கு இரண்டும் தெரியும்.

நான் வாய் திறக்கவில்லை. அப்பா என் முகத்தைப் பார்த்தார். மேஜைமேல் இருந்த பேனாவை எடுத்தார். "அவளை அனுப்பிடுங்க சார், நான் போட்டுடுறேன்" என்றார்.

அப்பா கையெழுத்துப் போட்டது ஆறு லிட்டருக்கு. அவர்கள் எழுதி வைத்திருந்தது நூற்று எழுபதுக்கு. எடுத்தது எடுத்ததுதானே என்று இன்றுவரை சொல்கிறார்.

எதற்கு ஆஸ்பத்திரி என்று கேட்காதே. யார் என்றும் கேட்காதே. அப்பாவே கேட்டதில்லை. இந்த வேலை போனால் வீட்டு வாடகைக்கு அப்பாவின் டோக்கன் சம்பளம் காணாது. மருந்துக்கும் காணாது.

அக்கா


ஜூன் 12

அக்காவுக்கு,

உன் கடிதத்தைக் கையில் வைத்துக்கொண்டு வண்டிக்குள் உட்கார்ந்திருந்தேன். அன்று இரவிலிருந்து பின்சீட்டில் படுக்க முடியவில்லை. முன்சீட்டில் சாய்ந்துகொள்கிறேன்.

எதற்கு என்று கேட்கவில்லை. யார் என்றும் கேட்கவில்லை, கேட்டால் நான் அங்கே வந்துவிடுவேன். ஆனால் உன்னை ஒன்று கேட்கத்தான் வேண்டும்.

வக்கீல் அம்மாவைப் பார்த்தேன். உன் பெயரைச் சொல்லவில்லை, பார்த்தவர் ஒருவர் இருக்கிறார் என்று மட்டும் சொன்னேன். அவர் நாற்காலியை முன்னால் இழுத்துக்கொண்டு உட்கார்ந்தார். காலம் தாண்டிவிட்டது, ஆனாலும் சாட்சி இருந்தால் கேட்டுப் பார்க்கலாம் என்றார். இரண்டு தாள் வேண்டும். அந்த அறையில் நடந்ததை நீ எழுதிக் கையெழுத்துப் போட்ட ஒரு பக்கம். பதினேழாம் தேதி ஆஸ்பத்திரியில் கொடுத்த சீட்டு. சீட்டு இருந்தால் ஆறு லிட்டர் எங்கே போனது என்று தேதியோடு நிற்கும். அதன்பின் கணக்கில் ஒரு சொட்டு இடிக்காது.

சீட்டில் காரணம் எழுதியிருக்கும் என்று எனக்குத் தெரியும். அதைப் பத்துப் பேர் படிப்பார்கள். முழுக்கையும் படிப்பான். வேலை போகும் என்றும் தெரியும். தெரிந்துதான் கேட்கிறேன். நீ அன்று பேசாமல் இருந்ததால் அப்பா பேனாவை எடுத்தார். இதை எழுத எனக்குக் கை கூசுகிறது, ஆனாலும் இது பொய்யில்லை. எத்தனை நாளைக்கு அந்தப் பேனா அவர் கையிலேயே இருக்கும்?

எழுதி அனுப்பு.

தம்பி


ஜூலை 8

அக்காவுக்கு,

நலமா? பதில் இல்லை. போன் செய்தேன், அப்பாதான் எடுத்தார். பக்கத்தில் நீ இருமுவது கேட்டது. "அவ தூங்குறாப்பா" என்றார். தூங்குகிறவர்கள் இருமும் இருமல் இல்லை அது.

பிறகு அவர் குரலைத் தாழ்த்திக்கொண்டு கேட்டார். "இப்போ எவ்வளவு குடுக்குது?"

"ஓட்டலப்பா. பெட்ரோல் போடக் காசில்லை."

"வாரத்துக்கு ஒரு தடவையாச்சும் எஞ்சினை உசுப்பி வை. சும்மா நின்னா செத்துடும்" என்றார்.

என் கடைசிக் கடிதத்தில் கடுமையாக எழுதிவிட்டேன். மன்னித்துக்கொள். ஆனால் கேட்டதை வாபஸ் வாங்கவில்லை.

தம்பி


ஆகஸ்ட் 11

அக்காவுக்கு,

நீ நலமாக இருக்க வேண்டும். அப்பாவும்.

வண்டியை நேற்று உடைக்கிறவர்களுக்குக் கொடுத்துவிட்டேன். முதல் மழையில் உள்ளே தண்ணீர் புகுந்து வயரெல்லாம் போய்விட்டது, எஞ்சினை உசுப்ப முடியவில்லை. வாங்கியதில் பாதிதான் கிடைத்தது. இழுத்துக்கொண்டு போகும் முன் பிளேடால் அந்தச் சீட் பெல்ட் உறையை அறுத்து எடுத்தேன். பெட்ரோல் மூடியின் ஸ்டிக்கரையும் சுரண்டிப் பார்த்தேன், துண்டு துண்டாகத்தான் வந்தது. வக்கீல் அம்மாவிடம் இனி காட்ட வண்டி இல்லை. என் தாள்கள் மட்டும் இருக்கின்றன. நீ எழுதாவிட்டால் அவை பெட்ரோல் வாசனை அடிக்கும் காகிதம், அவ்வளவுதான்.

முப்பதாம் தேதிக்குள் சாட்சியின் தாள் வராவிட்டால் மனுவைத் திருப்பிக் கொடுத்துவிடுவேன் என்றார் அவர். அவருக்கு இது மாதிரி நூறு இருக்கிறது.

சீட் பெல்ட் உறையை இதோடு வைத்திருக்கிறேன். கூடவே ஒரு தபால் கவரும் இருக்கிறது. என் முகவரி எழுதி, தபால்தலை ஒட்டி, உள்ளே ஒரு வெள்ளைத் தாளும் மடித்து வைத்திருக்கிறேன். ஆஸ்பத்திரிச் சீட்டு வேண்டாம், கிழித்துப் போடு. ஆறு லிட்டர் இடித்துக்கொண்டே இருக்கட்டும், அதை அவர்கள் திருட்டு என்றே வைத்துக்கொள்ளட்டும். அந்த அறையில் உன்னை எதற்குக் கூப்பிட்டார்கள் என்பதைக்கூட எழுத வேண்டாம். நீ அங்கே இருந்தாய், அப்பா தானாகப் பேனாவை எடுக்கவில்லை. இந்த இரண்டு வரியை மட்டும் எழுதிக் கையெழுத்துப் போடு. விவரமில்லாமல் மொட்டையாக இருந்தாலும் பரவாயில்லை.

இருபத்தெட்டாம் தேதிக்குள் தபாலில் போடு, அக்கா. எழுது.

தம்பி